பழைய வாள்களை இனங்காணலும் பேணலும்

தமிழாசிரியர்க்கும் வாளுக்கும் யாது தொடர்பென்று நம் பழைய மாணவருட் சிலர் நகைத்தல் கூடும். புறநானூற்றின் 95 ஆம் பாட்டை நம்மிடங் கற்றோர் அங்ஙனம் நகையார். தொண்டைமானுடைய படைக்கலக் கொட்டிலிலே பீலி அணிந்து நெய் பூசப்பெற்று அழகுற விளங்கிய கருவிகளையும், பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது பட்டறையிற் கிடந்த அதியமானின் கருவிகளையும் ஒளவையார் அப்பாட்டில் வேறுபடுத்திக் காட்டினார். பழம் படைக்கலங்களைத் தொகுப்போர் இன்றும் முதற்கண் எழுப்பும் வினா அதுவேயாகும். இஃது அணிக்குச் செய்ததா, அமருக்குச் செய்ததா?

நம் பகுதியிலும் பழைய வீட்டுப் பரண்களில் துருவேறிய வாளோ கத்தியோ கிடப்பதுண்டு. ஒன்றில் அது பழைய இரும்போடு நிறைக்கு விற்கப்படுகிறது. அன்றேல் ஆர்வமிகுந்த இளைஞர் கையில் அகப்பட்டு அரத்தால் அராவப்படுகிறது. இரண்டாவது கேடே பெரிதென்பது நம் கருத்து. விற்ற பொருளை ஒருகால் மீட்டல் கூடும். அராவிய அலகிலிருந்து அழிந்த முத்திரையை எவராலும் மீட்டல் இயலாது.

இலங்கையின் வாள்களுள் தலைமை வாய்ந்தது கஸ்தானை என்பது. அது குறுகியது, சிறிது வளைந்தது, பெரும்பாலும் ஒருபுறமே கூருடையது. பிடியின் தலைப்பில் வாய் பிளந்த சிங்கமுகமோ யாளிமுகமோ அமைந்திருக்கும். விரல்களைக் காக்கும் வளைவின் நுனியிலும் குறுக்குக் கைகளின் நுனிகளிலும் சிறு மகரத் தலைகள் காணப்படும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் முதலியார் முதலாய பதவியினர் இதனைப் பதவிச் சின்னமாக இடையில் அணிந்தனர். தரத்திற்கேற்பப் பொன்வேலையும் வெள்ளிவேலையும் வேறுபட்டன. ஆதலின் கஸ்தானைகளிற் பல போர்க்களம் காணாதவை. தொண்டைமானின் கொட்டிலைச் சேர்ந்தவை என்க.

இதன் பிடி நம் நாட்டுக் கம்மியரின் கைவண்ணமாயினும், அலகு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்ததாகவே இருக்கும். அலகின் அடிப்பாகத்தை வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துக்களும் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை சில அலகுகளிற் காணப்படும். அஃது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதன்மேல் ஏ என்னும் எழுத்து நின்றால் அம்ஸ்ரடாம் பிரிவைக் குறிக்கும். ஆனால் முத்திரை ஒன்றையே நம்பி வாங்குதல் பேதைமை. முத்திரையைப் போலியாகப் பொறிப்பது அரிய தொழிலன்று. பிடியையும் நோக்குக. பழைய வேலையிற் சிற்றுளியின் தடம் கூர்மையாக நிற்கும். கைபட்ட மேடுகள் மாத்திரம் தேய்ந்து, பள்ளங்களில் வேலைப்பாடு தெளிவாக இருக்கும். உல்லாசப் பயணிகளுக்கென அண்மையில் வார்க்கப்பட்ட பித்தளைப் பிடியில் எல்லாப் பாகமும் ஒரே மழுக்கமாக இருக்கும். வார்ப்பின் சிறு துளைகளும் தென்படும்.

நம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது வாளன்று. பிஹா கெத்த எனச் சிங்கள மொழியில் வழங்கும் கண்டிக் கத்தியே. கனத்த அலகு; அதன் முதுகிலும் அடியிலும் பித்தளையும் வெள்ளியும் பதித்த கொடிவேலை; கொம்பு, தந்தம், பளிங்கு ஆகியவற்றாலாய பிடி. கண்டி அரசரின் பட்டறைகளில் உருவாகிப் பிரதானிகளுக்கு உரியதாயிற்று. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைக் கற்போர் இத்தகைய கைவினையின் மாண்பை அறிவர். இக்கத்தியின் உறையிலே பக்கத்தில் இன்னுமொரு ஒடுங்கிய துளை இருப்பதுண்டு. அதனைப் பழுதெனக் கருதி மெழுகால் அடைத்து விடாதீர்கள். அது எழுத்தாணிக்கு உரிய இடம்! ஓலையை வாரும் கத்தியும் ஓலையில் எழுதும் ஆணியும் ஓருறையில் வாழ்ந்தன. கத்தியையும் ஆணியையும் ஒன்றாக மடக்கும் நம் மடக்கெழுத்தாணியும் இதற்கு உறவினது. பல உறைகளில் ஆணி தொலைந்துவிட்டது. ஆணியோடு கிடைப்பது பெரும்பேறு.

கடல்வழி வந்த கிறிஸ் என்னும் குத்துவாளும் இந்நாட்டில் உண்டு. ஒல்லாந்தர் கொணர்ந்த மலாய்ப் போர்வீரரும், யாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட பெருமக்களும் இதனோடு வந்தனர். அலகு பாம்புபோல் நெளிந்தாற்றான் கிறிஸ் என்பது பிழை. நேரான அலகுடையனவும் பல. யாவாக் கிறிஸ் ஒல்லியானது, குத்துதற்குரியது. பிலிப்பைன் தீவுகளின் தென்பகுதியாகிய மிந்தனாவோ, சூலு என்னுமிடங்களில் வாழும் மோரோ மக்களின் கிறிஸோ அகன்றது, கனத்தது, வெட்டுதற்கும் உரியது. அதன் அடியில் அகன்று நிற்கும் பகுதியைக் கங்யா என்பர். பழைய மோரோ வாள்களிற் கங்யா தனித்துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட பலவற்றில் வெறுங்கோடு மட்டும் கீறப்பட்டிருக்கும். அவ்விடைவெளியைக் காண்போர் வயதை ஓரளவு காண்பர்.

இனிப் பேணும் முறை. உப்புக் காற்று வீசும் சிலாபத்தில் இரும்புக்கு முதற் பகை நம் வியர்வைக் கையே. பருத்தித் துணியாற் பிடித்து எடுக்க வேண்டும். புளி, செங்கற்பொடி, மணற்றாள் யாவும் விலக்கத்தக்கன. தேங்காயெண்ணெய் நாளடைவிற் சிக்குப் பிடிக்கும். தையல் இயந்திரத்திற்கிடும் மெல்லிய எண்ணெய் நன்று. உறை ஈரத்தை உட்கொள்ளுமாதலால், வாளை உறையினின்று நீக்கி அருகருகே வைத்தல் சிறந்தது.

தொல்பொருளைத் தொல்பொருட் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி நாட்டிற்கு வெளியே அனுப்புதல் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்திற்கு மாறானது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

பொருளின் வரலாறு எத்துணை வலிது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1765 இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டது. அடுத்த ஆண்டின் உடன்படிக்கையால் இலங்கைக் கரையோரம் முழுவதும், நம் சிலாபமும் உட்பட, ஒல்லாந்தர் வசமாயிற்று. அக்கொள்ளையிற் சென்ற பீரங்கியொன்றும், பொன் வெள்ளிக் கஸ்தானைகளும், கத்தியொன்றும், இரு துப்பாக்கிகளும் அம்ஸ்ரடாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 இல் இலங்கைக்கு மீண்டன. எங்கிருந்து, எப்பொழுது, எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் துருவி நிறுவியமையே அம்மீட்சிக்கு அடிப்படையாயிற்று.

நம் வீட்டு வாளுக்கும் ஒரு துண்டுத் தாள் வேண்டும். அலகின் நீளம், நிறை, முத்திரையின் உருவம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, பாட்டனார் அதனைப் பற்றிச் சொன்னது யாது என்பவற்றை முதியோர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதுங்கள். பென்சிலால் எழுதுதல் நன்று; மை இவ்வூர் ஈரத்திற் பரவிவிடும். தாளை அலகில் ஒட்டாது, நூலாற் பிடியிற் கட்டிவிடுங்கள்.