பிரைமரோடு ஒத்துப்போகாத பெயிண்ட்

கார் கதவில் அடித்த புதுப் பெயிண்ட் சில நிமிடங்களிலேயே சுருக்கம் விழுந்து எழும்பினால், முதலில் திட்டு வாங்குவது பெயிண்ட் கம்பெனிதான். பெரும்பாலும் டப்பாவில் இருப்பதில் குறை இருக்காது. கீழே ஏற்கெனவே இருக்கும் பூச்சோடு அது ஒத்துப்போயிருக்காது. ஒவ்வொரு பூச்சும் எப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதன் மேல் எதை அடிக்கலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

பட்டறைகளில் புழங்கும் பெயிண்டுகள் மூன்று விதமாகக் காய்கின்றன. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் டூகோ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் இன்னும் நம் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. இதில் தின்னர் ஆவியாகிப் போவதுதான் காய்தல், வேதிவினை எதுவும் கிடையாது. அதனால் காய்ந்த வெல்லப்பாகில் தண்ணீர் பட்டதுபோல, மறுபடி தின்னர் பட்டால் இளகிவிடும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுவது. மேலே ஒரு நாளில் காய்ந்துவிட்டாலும் உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகலாம். மூன்றாவது டூகே (2K), அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் வகை: பாலியூரித்தேன், எபாக்சி போன்றவை. ஹார்டனர் கலந்தபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அதன்பின் சாதாரணத் தின்னருக்கு மசியாது.

வில்லங்கம் பெரும்பாலும் எனாமலில் தொடங்கும். திண்டுக்கல் சமவெளியில் ஓடும் டிராக்டர், டிரெய்லர், சரக்கு வண்டிகளுக்கு மலிவான எனாமல் அடிப்பது சகஜம். கைமாறி வந்த காரிலும் யாரோ எப்போதோ அடித்த எனாமல் ஒளிந்திருக்கலாம். அதன் மேல் என்.சி. பெயிண்ட் விழுந்தால், தின்னரிலுள்ள டொலுவீன், அசிட்டோன் போன்ற வீரியமான கரைப்பான்கள் கீழே ஊறும். எனாமல் உப்பும். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் மடிந்து தூக்கிக்கொள்ளும். அரைகுறையாக இறுகிய எனாமல் மேல் அதே எனாமலை அடித்தாலும் இதே கதிதான்.

பழைய பூச்சு எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. என்.சி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியைக் கதவின் உள்விளிம்பு போல வெளியே தெரியாத இடத்தில் ஓரிரு நிமிடம் அழுத்தி வைக்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி. பெயிண்ட். சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் நன்றாக இறுகிய டூகே, அல்லது தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பூச்சு. கறுப்புப் பூச்சோடு வரும் புதுப் பேனலையும் இப்படிப் பார்ப்பது நல்லது. உண்மையான மின்படிவுப் பூச்சு அசையாது. துரு பிடிக்காமல் இருக்கப் பெயருக்கு அடித்த கறுப்பு துணியோடு வந்துவிடும்.

வெறும் தகட்டில் சிக்கல் வேறு மாதிரி. எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிப்பு உண்டாக்கும். ஆனால் மிஞ்சிய அமிலம், அதன் மேல் அடிக்கும் எபாக்சி பிரைமரின் அமீன் ஹார்டனரோடு வினைபுரிந்து அதை இறுகவிடாமல் கெடுக்கும். பாலியெஸ்டர் பட்டியும் அந்த அமிலத்தின் மேல் சரியாக இறுகாது. இரண்டு நல்ல பிரைமர் போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. எபாக்சி, அதன் மேல் பட்டி, பிறகு டூகே சர்ஃபேசர், பேஸ் கோட், கிளியர் கோட் என்ற வரிசை பொதுவாகச் சிக்கலில்லாதது. துத்தநாகம் பூசிய தகட்டில் எனாமலை நேரடியாக அடித்தால், துத்தநாகமும் எனாமலின் எண்ணெய் அமிலங்களும் சேர்ந்து ஒருவித சோப்பாக மாற, பூச்சு நாளடைவில் ஏடு ஏடாக உரியும்.

பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். பெயிண்ட் எதுவும் அதில் எளிதாகப் பிடிக்காது. உள்பக்கம் ‘பிபி’ என்ற குறி அச்சிட்டிருக்கும். அதற்கென உள்ள பிளாஸ்டிக் பிரைமரை மெல்லியதாக அடித்தபின்தான் மற்றதெல்லாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஆபத்து நேர் எதிர்: வீரியமான தின்னர் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

பருவமும் இதில் கை வைக்கும். சித்திரை வெயிலில் பானெட் காற்றைவிட மிக அதிகமாகச் சூடாகிறது. சீக்கிரம் ஆவியாகும் தின்னரை அப்போது பயன்படுத்தினால் மேல்தோல் முந்திக் காய்ந்து, அடியில் மாட்டிக்கொண்ட கரைப்பான் குண்டூசித் துளைகளாக வெடித்து வெளியேறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரக்காற்றில் என்.சி. பெயிண்ட் வெளிறும், ஏனெனில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதில் நீர் படிகிறது. பாலியூரித்தேன் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் நீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிக் கொப்புளம் வரும். மூடி சரியாக மூடாத பழைய ஹார்டனரை மழைக்காலத்தில் எடுத்துக் கலப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அந்த ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது.

சுருங்கியதன் மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்க முடியாது. முழுக்க இறுகவிட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது தகடு வரை சுரண்ட வேண்டும். மேலுக்கு நன்றாக இருக்கும் பூச்சிலும் பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, அதே முறையில் பூசிய, தேவையில்லாத ஒரு துண்டில் பிளேடால் குறுக்கே ஆறு கோடு, நெடுக்கே ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி இழுப்பார்கள். கட்டங்கள் பெயர்ந்த இடத்தில் வெறும் தகடு தெரிந்தால் பிரைமர் உலோகத்தைப் பிடிக்கவில்லை. பிரைமர் தெரிந்தால் அது நன்றாகப் பிடித்திருக்கிறது. அதன் மேல் அடித்த பெயிண்ட்தான் ஒட்டவில்லை.