அரை அங்குல நாடாவிலிருந்து அரை அங்குல நாடாவுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1980களிலும் 1990களிலும் வீட்டு நிகழ்வுகளைப் பதிந்து வைத்த வி.எச்.எஸ். வீடியோ கசெற்றினுள் சுற்றப்பட்டிருக்கும் காந்த நாடாவின் அகலம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். இன்று பெரிய ஆவணக்காப்பகங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் தம் காணொளிகளை நெடுங்காலத்துக்குப் பேணப் பயன்படுத்தும் எல்.ரி.ஓ. என்ற தரவு நாடாவின் அகலமும் ஏறத்தாழ அதுவே. முதலாவது நாடா நாளுக்கு நாள் பழுதாகி வருகிறது. இரண்டாவது நாடா, உரிய முறையில் வைக்கப்பட்டால், 30 ஆண்டுகள் வரை தாங்கும் என்ற கணிப்போடு செய்யப்படுகிறது. முதலாவதில் இருப்பதை இரண்டாவதுக்குக் கொண்டு சேர்க்கும் பணி, மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையில் அமைந்த சண்டிலிப்பாய் போன்ற ஊர்களில் இனியும் தள்ளிப்போட முடியாத ஒன்றாகிவிட்டது.

அந்தக் கசெற்றுகளில் பதிவாகியிருப்பவை வெறும் குடும்ப நினைவுகள் அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கான மின்வழங்கல் அற்றுப்போன காலத்திலும் மின்பிறப்பாக்கியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து வீடியோ பார்த்த சமூகம் இது. கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவாயினும், கடல் கடந்து போன பிள்ளைகளும் சகோதரர்களும் வந்து சேர முடியாத நிலையில், அவர்கள் பார்ப்பதற்கென்றே அவற்றைப் படம்பிடித்து அனுப்பும் வழக்கம் அன்று உருவாயிற்று. கல்வளைப் பிள்ளையார் கோயில், சீரணி நாகபூசணி அம்மன் கோயில் போன்ற ஆலயங்களின் திருவிழாக்களில் எவரேனும் கமராவோடு நின்றிருந்தால், அப்பதிவில் தேரும் தீர்த்தமும் மட்டுமன்றி, அக்காலத்து மேளச்சமாவும், ஊரவரின் பேச்சுநடையும், பின்னர் இடிந்துபோன வீடுகளும், ஒழுங்கைகளின் பனையோலை வேலிகளும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். ஒரு சமூக வரலாற்றாசிரியருக்கு இவற்றைவிடச் செழுமையான சான்று கிடைப்பது அரிது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது வீட்டோடு விடப்பட்ட கசெற்றுகள் எத்தனையோ அழிந்தன. அதனாலேயே, சண்டிலிப்பாயில் நடந்த ஒரு திருமணத்தின் எஞ்சிய ஒரே பதிவு இன்று ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஒரு வீட்டின் நிலவறைப் பெட்டிக்குள் கிடப்பது வியப்புக்குரியதன்று.

வி.எச்.எஸ். நாடா என்பது மெல்லிய பொலியெஸ்ரர் படலமொன்றின் மேல் காந்தத் துகள்களை ஒருவகைப் பிசினால் ஒட்டிச் செய்யப்பட்டதாகும். டெக்கினுள் நாடா நொடிக்கு ஏறத்தாழ 23 மில்லிமீற்றர் என்ற மெதுவான வேகத்தில் நகர, சாய்வாகப் பொருத்தப்பட்ட உருளை நொடிக்கு 25 முறை சுழன்று, அதிலுள்ள நுண்ணிய தலைகள் நாடாவின் குறுக்கே சரிவான கோடுகளாகப் படத்தைப் படிக்கின்றன. ஆகவே நாடா நல்ல நிலையில் இருப்பது மட்டும் போதாது, அதைப் படிக்கும் உருளையும் தலைகளும் துல்லியமாக இயங்கவேண்டும். உண்மையான நெருக்கடி இங்கேதான் இருக்கிறது. டெக்குகளைத் தொடர்ந்து செய்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் பூனாய், 2016 யூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டமும் பன்னாட்டு ஒலி, காணொளி ஆவணக்காப்பகச் சங்கமும் இணைந்து, 2025 அளவில் உலகின் பல பகுதிகளில் காந்த நாடாக்களை முறையாக இயக்கிப் பார்ப்பது முடியாமற் போகலாம் என்று எச்சரித்தன. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. இன்று பழுதுபார்த்துப் பேணக்கூடிய ஒரு டெக், அதனுள் ஓடக்கூடிய எந்தத் தனிக் கசெற்றையும்விட அருமையானது.

மீட்புப்பணி கசெற்றை டெக்கினுள் தள்ளுவதில் தொடங்குவதில்லை, அதைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் ஆராய்வதில் தொடங்குகிறது. கசெற்றின் மேற்புறக் கண்ணாடிச் சாளரத்தினூடாகப் பார்த்தால் சுற்றப்பட்ட நாடாவின் விளிம்பு தெரியும். அது ஒரே சீரான கருமையாக இல்லாமல் ஆங்காங்கே வெண்ணிறப் புள்ளிகளாகவோ மாப்போலவோ தோன்றினால் அது பூஞ்சணம். மாரியிலும் கடற்காற்றிலும் காற்றின் ஈரப்பதன் உயர்ந்தே இருக்கும் குடாநாட்டில் இது மிகப் பரவலான நோய், ஒரு கசெற்றிலிருந்து டெக்குக்கும் டெக்கிலிருந்து அடுத்த கசெற்றுக்கும் தொற்றக்கூடியது. அத்தகைய கசெற்றைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, முகக்கவசம் அணிந்து துப்புரவாக்கிய பின்னரே ஓடவிடவேண்டும். பிசின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும் இன்னொரு கேடும் உண்டு. அது தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்திய சில பழைய நாடா வகைகளிலேயே அதிகம். ஏறத்தாழ 50 பாகை செல்சியஸில் பல மணிநேரம் கட்டுப்பாட்டுடன் சூடாக்கி அதைத் தற்காலிகமாகப் போக்குவர். வீட்டு அடுப்பில் செய்துபார்க்கும் காரியம் அல்ல அது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: கசெற்றின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. தகடு உடைபடாத கசெற்றுகளில் எத்தனையோ கல்யாணங்கள் ஒரு சினிமாப் படத்துக்கு இடம்விட்டு மறைந்துபோயின. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் நாடாவை முழுவதுமாக ஓடவிட்டுப் பார்ப்பது அதனால் அவசியமாகிறது, ஏனெனில் படம் முடிந்தபின் எஞ்சிய சில நிமிடங்களில் பழைய பதிவு உயிரோடிருக்கக்கூடும்.

புலம்பெயர்ந்தோரின் கசெற்றுகளில் மற்றொரு சிக்கல் சேர்கிறது. இலங்கையும் பிரித்தானியாவும் பால் என்ற ஒளிபரப்பு முறையையும், கனடா என்.ரி.எஸ்.சி. என்ற முறையையும் பின்பற்றியமையால், யாழ்ப்பாணத்துக் கசெற் கனடாவின் சாதாரண டெக்கில் ஓடவில்லை. கடைகளில் கொடுத்து முறை மாற்றிய கொப்பிகளையே அங்கே பார்த்தார்கள். ஆகவே ஒரே நிகழ்வின் இரு கசெற்றுகள் கிடைக்கும்போது, பார்வைக்குப் புதிதாகத் தோன்றுவதை விட்டு, முதலில் பதியப்பட்ட பால் கசெற்றையே தேடி எடுப்பது அறிவுடைமை. டெக்கிலிருந்து வரும் படக்குறிகை நாடாவின் இழுபாட்டால் நேரந்தவறி நடுங்கும் என்பதால், ஒவ்வொரு கோட்டையும் உரிய நேரத்தில் நிறுத்தி அனுப்பும் நேரச்சீராக்கிக் கருவியொன்றை இடையில் வைத்து, அதன்பின்பே கணினியில் பதிகின்றனர்.

இப்படிப் பெறப்படும் கோப்பு சிறியதன்று. எதையும் சுருக்காமல் பதிந்தால் ஒரு மணிநேரக் காட்சி ஏறத்தாழ 93 ஜிகாபைற் இடத்தைப் பிடிக்கும். மூன்று மணிநேரக் கசெற்றொன்றுக்கு 280 ஜிகாபைற் வேண்டும். ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்கும் எஃப்.எஃப்.வி.1 என்ற திறந்த முறையை ஆவணக்காப்பாளர்கள் விரும்பிப் பயன்படுத்துவது இதனாலேதான். அதன் இலக்கணம் 2021இல் பன்னாட்டு இணையப் பொறியியல் ஆவணமாக வெளியிடப்பட்டதால், எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் அதைப் படிக்கும் மென்பொருளை எவரும் எழுதிக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கித் தரும் சேவைகள் இன்று மலிந்துள்ளன. அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைபவை. மங்கிய முகமொன்றுக்குப் பதிலாக அழகிய வேறொரு முகத்தை வைத்துவிடக்கூடியவை. பார்த்து மகிழ்வதற்கென்று அப்படியொரு கொப்பி செய்துகொள்வதில் தவறில்லை, ஆனால் காப்பகத்துக்குப் போகும் மூலக்கோப்பு நாடாவிலிருந்து வந்த குறைகளோடு வந்தபடியே இருக்கவேண்டும்.

இத்தகைய கோப்புகளைச் சுழலும் வன்தட்டுகளில் மட்டும் விட்டுவைப்பது ஆபத்தானது. அவை சில ஆண்டுகளிலேயே பழுதாகத் தொடங்கலாம். 2000ஆம் ஆண்டில் 100 ஜிகாபைற் கொள்ளளவோடு அறிமுகமான எல்.ரி.ஓ. நாடா, 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில் 12 டெராபைற்றாகவும், 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைற்றாகவும் வளர்ந்துள்ளது. எட்டாம் தலைமுறைப் பேழையொன்றினுள் 6 மைக்ரோனுக்கும் குறைந்த தடிப்புள்ள 960 மீற்றர் நாடா இருக்கிறது, அதில் 6,656 தடங்கள். வி.எச்.எஸ்.ஸில் போலத் தலை சுழல்வதில்லை. 32 தடங்களை ஒரேநேரத்தில் எழுதியபடி நாடா முனைவரை ஓடி, உழும் மாடுகள் வரப்பில் திரும்புவதுபோலத் திரும்பி, மறுதிசையில் எழுதிக்கொண்டே வருகிறது. எழுதும் தலையின் பின்னாலேயே படிக்கும் தலையும் நின்று, எழுதியது சரியாகப் பதிந்ததா என்று உடனுக்குடன் சரிபார்க்கிறது. சுருக்காத காட்சியே ஆயினும் 125 மணிநேரத்துக்கு மேல் ஒரு பேழையில் அடங்கும். எழுதிய பேழையை வெளியே எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டால் மின்சாரமும் தேவையில்லை, இணையவழித் தாக்குதலும் அதை அணுகாது. 2011இல் மென்பொருட் பிழையொன்றால் கூகிளின் மின்னஞ்சற் பயனர்களுள் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் வன்தட்டுகளில் இருந்த கொப்பிகள் அனைத்திலும் அழிந்தபோது, அவை மீட்கப்பட்டது இப்படித் தனியே வைத்திருந்த நாடாக்களிலிருந்துதான்.

நாடாவில் எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். தனியொரு நிறுவனத்தின் காப்பு மென்பொருளால் எழுதினால், அந்த மென்பொருள் இல்லாமற் போகும் நாளில் நாடா திறவாத பூட்டாகிவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து கிடைக்கும் எல்.ரி.எஃப்.எஸ். என்ற திறந்த அமைப்பில் எழுதினாலோ, எந்தக் கணினியிலும் கோப்புறைகளாகத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கும் சரிபார்ப்பு எண்ணொன்றைக் குறித்துவைத்து, மீட்டெடுக்கும்போது மீண்டும் கணித்து ஒப்பிட்டால், ஒரு பிற் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டைச் செய்யாத காப்பகம் தன்னிடம் என்ன எஞ்சியிருக்கிறது என்பதை அறியாது.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் விலையை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறெங்கும் கொப்பியில்லாத ஏடுகளும் சாம்பராயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமக் கோப்புகளாக்கி, பின்னர் ஒலி, காணொளிகளையும் சேர்த்துக்கொண்டு வருவது அந்த இழப்புக்குச் சமூகம் தந்த மிகச் சிறந்த மறுமொழி. கசெற்றுகளுக்கும் அதே நெறி பொருந்தும்: குறைந்தது இரண்டு நாடாக்கள், அவற்றில் ஒன்று குடாநாட்டுக்கு வெளியே. எல்.ரி.ஓ. எழுதுகருவி பல ஆயிரம் அமெரிக்க டொலர் பெறுமதியானது, வெற்றுப்பேழையின் விலையோ அதன் மிகச் சிறிய பங்கு; ஆகவே வீட்டுக்கு வீடு இதைச் செய்வது வீண்செலவு. பாடசாலைகளும் ஆலய பரிபாலன சபைகளும் சனசமூக நிலையங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களும் சேர்ந்து, ஒரு கருவியையும் இரண்டு மூன்று நல்ல டெக்குகளையும் குளிரூட்டிய ஓர் அறையையும் பொதுவில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

தரவு நாடாவும் ஒருமுறை எழுதி மறந்துவிடும் பொருளன்று. ஒன்பதாம் தலைமுறைக் கருவி எட்டாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஏழாம் தலைமுறையைப் படிக்காது. பத்தாம் தலைமுறைக் கருவியோ தன் தலைமுறை நாடாவை மட்டுமே ஏற்கும். எனவே நாடாவின் ஆயுள் எவ்வளவாயினும், பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் புதிய தலைமுறைக்கு மாற்றி எழுத ஆளும் பணமும் முற்கூட்டியே ஒதுக்கப்படவேண்டும். அதைவிட அவசரமானது கோப்போடு சேர வேண்டிய விவரத்தாள்: எந்த ஊர், எந்த ஆண்டு, படம்பிடித்தவர் யார், பந்தியில் இருப்பவர்கள் எவரெவர், எந்தக் கோயிலின் எந்த நாள் திருவிழா, பொதுவில் காட்டக் குடும்பத்தார் இசைந்தனரா என்பவற்றைக் கசெற் ஓடும்போதே அருகிலிருந்து சொல்லக்கூடிய மூத்தோரை அமர்த்தி எழுதிக்கொள்வது, டெக்கைத் தேடுவதற்கு முன்னரே தொடங்கக்கூடிய வேலை.