சிறை சென்று வந்தவருக்குத் துப்பாக்கி உரிமம் கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

ஜார்ஜ் டவுன் – தண்ணீர்மலை வட்டாரத்திலிருந்து சிறிது தூரத்திலேயே மூன்று கட்டடங்கள் இருக்கின்றன. லைட் தெருவில் உயர் நீதிமன்றம், ஜாலான் பெஞ்சாராவில் சிறைச்சாலை, ஜாலான் பினாங்கில் மாநிலக் காவல் துறைத் தலைமையகம். ஒருவர் முதல் கட்டடத்தில் தண்டனை பெற்று, இரண்டாவதில் அதை அனுபவித்து முடித்த பிறகு, மூன்றாவதில் போய் “எனக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும்” என்று கேட்டால் என்ன ஆகும்?

அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அங்கு துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு தரும் உரிமை. ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் ஒருவர் தண்டிக்கப்பட்டால், மத்தியச் சட்டப்படி அந்த உரிமை பறிபோகிறது. அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஆனால், அந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணம் செலவிடக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிதி ஒதுக்கீட்டில் நிபந்தனை வைத்தது. வழி இருந்தும் கதவு பூட்டியே கிடந்தது. 2025-இல் அந்நாட்டு நீதித்துறை அந்தப் பொறுப்பை வேறு அலுவலகத்துக்கு மாற்றிக் கதவைத் திறந்தது. முதல் தொகுப்பில் உரிமை திரும்பப் பெற்ற 10 பேரில் நடிகர் மெல் கிப்சனும் ஒருவர்.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்கு துப்பாக்கி யாருடைய உரிமையும் அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அது ஓர் அனுமதி மட்டுமே. அனுமதியை வழங்குபவர் மாநிலக் காவல் துறைத் தலைவர். கொடுப்பதும் மறுப்பதும் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் அவருடைய விருப்புரிமை. தண்டனையே பெறாத, கறை படியாத ஒருவருக்கும் உரிமம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே “பறிபோன துப்பாக்கி உரிமையை மீட்பது” என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. பழைய தண்டனை உள்ளவர் புதிதாக விண்ணப்பிக்கலாம். அவருடைய பழைய பதிவு அந்த மேசையில் திறந்து வைக்கப்படும். அவ்வளவுதான்.

இந்தியா இதற்கு இடைப்பட்ட வழியில் போகிறது. அங்குள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவு, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர் தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டுகள் வரை ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதற்குப் பிறகு அவர் விண்ணப்பிக்கலாம். சட்டமே ஒரு கால எல்லையைச் சொல்லிவிடுவதால், காத்திருப்பவருக்குத் தாம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதாவது தெரியும்.

நம் சமூகத்தில் சொந்தத் துப்பாக்கி கேட்டு விண்ணப்பிப்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் பாதுகாவலர் வேலைக்குப் போகிறவர்கள் நிறையவே உண்டு. ஆயுதம் ஏந்திய பாதுகாவலராக வேண்டுமென்றால் காவல் துறையின் பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும். துப்பாக்கி நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், அதைக் கையில் எடுப்பவருக்கும் அனுமதி தேவை. இருபது வயதில் அடிதடி வழக்கில் சிக்கித் தண்டனை பெற்றவர், நாற்பது வயதில் குடும்பத்தைக் காப்பாற்ற இந்த வேலைக்குப் போகும்போதுதான் பழைய பதிவு எதிரே வந்து நிற்கிறது.

அந்தப் பதிவு தானாக அழிவதில்லை. 1969-ஆம் ஆண்டு குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தின் கீழ் கைரேகையோடு அது காவல் துறையிடம் இருக்கிறது. சில நாடுகளில் உள்ளதைப் போல, குறிப்பிட்ட ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்தால் பழைய தண்டனை கணக்கில் வராது என்று சொல்லும் பொதுச் சட்டம் இங்கு இல்லை. வெளிநாட்டு வேலைக்கோ குடியேறவோ விஸ்மா புத்ரா வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு மனுச் செய்தாலும் காவல் துறைச் சோதனை உண்டு.

துப்பாக்கிக் குற்றமே பழைய வழக்காக இருந்தால் பிரச்சினை இன்னும் பெரிது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். கடுமையான தண்டனைகளுக்காகவே 1971-இல் தனியாக இயற்றப்பட்ட சுடும் ஆயுதங்கள் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். கொள்ளை, ஆள் கடத்தல் போன்ற குற்றங்களின்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார் மீதும் படாவிட்டாலும் மரண தண்டனை வரை போகலாம். முன்பு அது கட்டாயத் தண்டனை. 2023 ஜூலை 4 முதல் நீதிபதி மரண தண்டனைக்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான் என்பதை இளைஞர்கள் பலர் அறிந்திருப்பதில்லை.

அந்தக் கடுமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பினாங்கு ஒருமுறை பார்த்துவிட்டது. 1977-இல் பினாங்கு உயர் நீதிமன்றம் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கு அப்போதைய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் 57-வது பிரிவின் கீழ் வந்தது. 1975-ஆம் ஆண்டு அவசரகால விதிமுறைகள் அத்தகைய வழக்குகளில் சிறார் நீதிமன்றச் சட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தன. நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்க வழியில்லை. நாடே அதிர்ந்தது. அந்த விதிமுறைகளின் கீழ் நடக்கும் விசாரணைகளில் தோன்ற வேண்டாம் என்று வழக்கறிஞர் மன்றம் அதே ஆண்டில் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் கருணையின் பேரில் தூக்கு ரத்தாகி, சிறுவன் ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பப்பட்டான். நீதிமன்றத்தால் திறக்க முடியாத கதவை மன்னிப்பு அதிகாரம் திறந்தது. இசா 2012-இல் அகற்றப்பட்டது.

அந்த மன்னிப்பு அதிகாரம் கூட்டரசு அரசியலமைப்பின் 42-வது பிரிவில் இருக்கிறது. சுல்தான் உள்ள மாநிலத்தில் சுல்தானுக்கும், பினாங்கு போன்ற மாநிலத்தில் யாங் டி-பெர்துவா நெகிரிக்கும், கூட்டரசுப் பிரதேசங்களில் மாமன்னருக்கும் அது உண்டு. பினாங்கில் நடந்த குற்றத்துக்கான மனு பினாங்கு மன்னிப்பு வாரியத்துக்குப் போகும். சட்டத்துறைத் தலைவர், முதலமைச்சர், நியமிக்கப்படும் மூவர் வரை அதில் இருப்பர். ஆளுநர் தலைமை தாங்குவார். அந்த மூவரும் சட்டமன்ற உறுப்பினராகவோ மக்களவை உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. முழு மன்னிப்பும் உண்டு, தண்டனைக் குறைப்பும் உண்டு. ஆனால் முழு மன்னிப்புப் பெற்றவருக்குத் துப்பாக்கி உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் காவல் துறைக்கு இல்லை.

தண்டனைக்குப் பின் ஓர் உரிமை உண்மையாகவே திரும்பக் கிடைப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்தல் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 48-வது பிரிவுப்படி, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று, முழு மன்னிப்பும் பெறாதவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. விடுதலையாகி 5 ஆண்டு ஆனதும் தடை தானாக நீங்கும். அதற்கு முன்பே மாமன்னரும் நீக்கலாம்.

லிம் குவான் எங் இந்தக் கணக்கைத் தம் வாழ்க்கையில் அனுபவித்தவர். தேச நிந்தனை, அச்சகச் சட்டக் குற்றச்சாட்டுகளில் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்று, 1999 ஆகஸ்டு 25-இல் விடுதலையானார். அந்த ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலில் அவர் நிற்க முடியவில்லை. அடுத்த தேர்தல் 2004 மார்ச்சில் வந்தபோது 5 ஆண்டு நிறைய இன்னும் ஐந்து மாதம் பாக்கி. அதுவும் கைவிட்டுப் போனது. 2008 மார்ச்சில் போட்டியிட்டு வென்று பினாங்கின் முதலமைச்சரானார்.

பினாங்கு மண்ணில் பிறந்த அன்வார் இப்ராஹிம் இரண்டு வழிகளையும் கண்டவர். முதல்முறை 2008 ஏப்ரல் வரை காத்திருந்து, ஆகஸ்டில் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் வென்றார். இரண்டாம் முறை காத்திருக்கவில்லை. 2018 மே 16-இல் மாமன்னரின் முழு மன்னிப்புக் கிடைத்தது, அக்டோபரில் போர்ட்டிக்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் திரும்பினார்.

அரசியல்வாதிக்கு 5 ஆண்டு என்று எழுதி வைத்திருக்கும் சட்டம், பாதுகாவலர் வேலைக்குப் போகும் சாதாரண மனிதருக்கு எந்தக் கணக்கையும் சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. பழைய தண்டனை உள்ளவர்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. விண்ணப்பத்தில் தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் மறைக்கக் கூடாது. காவல் துறை பதிவைப் பார்க்கத்தான் போகிறது, மறைத்தது தெரிந்தால் அதுவே இன்னொரு குற்றச்சாட்டாகலாம். வழக்கின் தீர்ப்பு நகல், விடுதலை ஆவணம், அபராத ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. விண்ணப்பத்தோடு வேலை செய்த இடங்களின் கடிதங்களைச் சேர்க்கலாம். ஆயுதம் ஏந்தாத பணிக்கு முதலில் முயன்று பார்ப்பதும் ஒரு வழி. மன்னிப்பு மனுவைக் கைதியோ குடும்பத்தாரோ வழக்கறிஞரோ எழுதலாம். வழக்கறிஞரை வைக்க வசதி இல்லாதவர்கள் அரசின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகி ஆலோசனை கேட்கலாம்.