ஜவ்வு எங்கே போனது?

ஜெர்மனியின் உல்ம் நகரில் எலும்பு மருத்துவர் ஒருவர், தன் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வுக்குள் அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினார். உட்கார்ந்தார், படியேறினார், பெட்டி தூக்கினார், அப்படியே தூங்கவும் செய்தார். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், மல்லாந்து படுக்கும்போது ஜவ்வுக்குள் அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. நம் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியதும் 2.3 வரை ஏறியது. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ஒரே ஒருவரின் உடம்பில் எடுத்த கணக்குதான். ஆனால் இப்படித் தன் முதுகையே ஆய்வுக்கூடமாக்கிக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்?

அந்த மருத்துவர் ஏழு மணி நேரம் தூங்கியபோது அழுத்தம் 0.1-இலிருந்து 0.24-க்கு மெல்ல உயர்ந்தது. ஜவ்வு தண்ணீர் குடித்திருக்கிறது! வெளியே நார்வளையம், உள்ளே கூழ் என்று அமைந்த இந்த வட்டுக்கு, வளர்ந்தவர்களிடம், ரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. உணவும் ஆக்சிஜனும் மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகள் வழியே கசிந்துதான் வர வேண்டும். பகலில் உடல் எடை அழுத்தி நீரைப் பிழிந்துவிடுகிறது, இரவில் திரும்ப ஊறுகிறது. காலையில் எழும்போது நாம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான்.

பல்லாவரம் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் ‘ஆபரேஷன் இல்லாமல் முதுகுவலிக்குத் தீர்வு’ என்ற பலகைகளைப் பார்த்திருப்பார்கள். ‘ஸ்பைனல் டீகம்ப்ரஷன்’ என்ற அந்தச் சிகிச்சை, இரவு தூக்கம் செய்வதை இயந்திரத்தால் இன்னும் பலமாகச் செய்து காட்டுவதாகச் சொல்கிறது. மேசை இரண்டு துண்டாக இருக்கும். மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை. கீழ்ப்பகுதி மெல்ல நகர்ந்து இழுக்கும், சில நொடிகளுக்குப் பின் தளர்த்தும். தசை எதிர்த்து இறுகினால் கணினி இழுவையைக் குறைக்கும். ஒரு முறைக்கு அரை மணி நேரம், இப்படிச் சில வாரங்களில் இருபது முறை வரச் சொல்வார்கள். கழுத்துக்கும் தனிப் பிடி உண்டு. கட்டில் காலருகே கப்பி வைத்து எடை தொங்கவிடும் பழைய ட்ராக்‌ஷனின் பேரன் இது. அதற்கும் முன்னோடி உண்டு: ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கிரேக்கர்கள் நோயாளியைப் பலகையில் கட்டி இழுத்திருக்கிறார்கள்.

இழுத்தால் அழுத்தம் குறைகிறதா? குறைகிறது. 1994-இல், இத்தகைய மேசையில் படுத்த சிலரின் ஜவ்வுக்குள் குழாய் செலுத்தி அளந்தபோது, பலமாக இழுக்கையில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போனது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. மேசையை விட்டு இறங்கி ஸ்கூட்டரை உதைத்ததும் பழைய 0.5 திரும்பிவிடும்; அந்த அரை மணி நேரம் நிலையான மாற்றத்தைத் தருமா?

விளம்பரங்களில் விண்வெளி வீரர்களையும் இழுத்து வருவதுண்டு. எடையற்ற நிலையில் முதுகெலும்பு நீண்டு அவர்கள் சில சென்டிமீட்டர் வளர்வது உண்மை. அப்போது பலருக்கு முதுகு வலிப்பதும், பூமிக்குத் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு ஜவ்வு பிதுங்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் நான்கு மடங்கு இருந்ததும் அதே அளவுக்கு உண்மை. விளம்பரப் பலகையில் அந்தப் பாதிக்கு இடம் கிடைப்பதில்லை.

‘எனக்குச் சரியாகிவிட்டதே’ என்று சொல்பவர்கள் நிறைய. புது எம்.ஆர்.ஐ. படத்தில் பிதுங்கிய ஜவ்வைக் காணவில்லை என்று காட்டவும் செய்வார்கள். அதைத் தின்றது யார் என்பதுதான் கதையிலேயே சுவையான இடம். ரத்தம் எட்டாத இடத்தில் ஒளிந்திருந்த கூழ், நார்வளையத்தைக் கிழித்து வெளியே வந்ததும் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியனாகப் பார்க்கின்றன. புதிய ரத்தக் குழாய்கள் அதைச் சூழ்ந்து முளைக்க, விழுங்கணுக்கள் வந்து மெல்ல மெல்லத் தின்று தீர்க்கின்றன. அறுவை இல்லாமல் தொடர்ந்து கவனித்தவர்களின் படங்களைத் தொகுத்த 2015 ஆய்வில், முழுதும் அறுந்து விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் சுருங்கின; சும்மா புடைத்திருந்தவற்றில் 13 சதவீதம்தான். படத்தில் பயமுறுத்துவதே சீக்கிரம் கரைகிறது. அந்த மாதங்களில் நீங்கள் மேசையில் படுத்திருந்தால் பெயர் மேசைக்கு, எண்ணெய் தேய்த்திருந்தால் எண்ணெய்க்கு.

சிகிச்சையால் குணமானதா, தானாகவே குணமானதா என்று பிரித்தறியும் வழியைக் கற்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியபோது ஓய்வு, காற்று, சத்துணவு ஆகியவையே மருந்து என்று உலகமே நம்பியது. மாத்திரை வந்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பி, இரு பக்கத்துக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தது. ஒண்டுக்குடித்தன வீட்டில் கிடந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் சானடோரியங்களை மூடியதில் அந்தச் சென்னைக் கணக்குக்குப் பங்குண்டு.

இழுவைச் சிகிச்சையும் அப்படிச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 32 சோதனைகளையும் 2,762 பேரையும் தொகுத்த 2013 காக்ரேன் ஆய்வு, கீழ்முதுகு வலிக்கு ட்ராக்‌ஷனால் பலன் மிகக் குறைவு அல்லது இல்லை என்றது. கணினி மேசைகளை மட்டும் சோதித்தவை சிறிய ஆய்வுகள், முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கழுத்து விஷயத்தில், நரம்பு அழுந்திக் கைக்கு வலி பரவும் சிலருக்கு உடற்பயிற்சியோடு சேர்ந்த இழுவை கொஞ்சம் உதவலாம். மொத்தமாகப் பணம் கட்டி இருபது முறைக்குப் பதிவு செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே என் கணிப்பு. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024-இல் லான்செட் இதழில் வெளிவந்த சோதனையில், நடைப்பயிற்சிக்குப் பழக்கப்பட்டவர்களுக்கு வலி திரும்ப நடுமதிப்பாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112. நடப்பதற்குப் பேக்கேஜ் கிடையாது.

இழுவை மேசையில் படுக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள்: எலும்பு மெலிந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், கர்ப்பிணிகள், முதுகெலும்பில் புற்றுநோய் பரவியவர்கள். நம் ஊரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரியில் கூடும் முதுகுவலி என்றால் அது முள்ளெலும்பை அரிக்கும் காசநோயாக இருக்கலாம். அரித்த எலும்பை இழுப்பது ஆபத்து; மாத்திரையில் குணமாக வேண்டியவர் கால் செயலிழந்து போகலாம். சிறுநீர் அடக்க முடியவில்லை, அல்லது போகவில்லை, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது என்றால் மேசையும் வேண்டாம், நடையும் வேண்டாம். அது அவசர அறுவைக்கான அடையாளம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.