தொளதொள கைகளுக்கு டாட்டா!

ஃபேர்வெல் டேக்கு இன்னும் ரெண்டே மாசம். புடவை ரெடி, மேட்சிங் வளையல் ரெடி. பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், டெய்லர் அக்கா உங்க கையைச் சுத்தி டேப்பை வெச்சுட்டு, ‘‘போன தடவையைவிட ஒரு இன்ச் கூடியிருக்கேம்மா!’’ன்னு கடைக்கே கேட்கிற மாதிரி சொல்ல, கூட வந்த ஃப்ரெண்ட்ஸ் ‘கொல்’லுனு சிரிக்க... அன்னிக்கு ராத்திரியில இருந்தே ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போறதை நிறுத்தினவங்க உங்க ஃப்ளோர்லயே ஒருத்தராவது இருப்பாங்க. அது நீங்களாவே இருந்தா, முதல்ல போய் சாப்பிட்டுட்டு வாங்க. அப்புறமா பேசுவோம்.

சாப்பிட்டாச்சா? குட்! பட்டினி கிடந்தா எடை குறையும், இல்லைன்னு சொல்லலை. ஆனா, உடம்பு கொழுப்பை மட்டும் பொறுக்கியெடுத்துக் கரைக்கிறதில்லை. புரதமும் இல்லாம, பயிற்சியும் இல்லாம வயித்தைக் காயப்போட்டா தசையும் சேர்ந்தே கரையும். கையில் இருந்த கொஞ்சநஞ்சத் தசையும் போன பிறகு மிச்சம் இருக்கிறது இன்னும் தொளதொளன்னுதான் தெரியும். பிளவுஸ் லூஸாகும், சதை ஆடுறது மட்டும் நிக்காது. கூடவே கிளாஸ்ல தூக்கமும் தலைசுத்தலும் ஃப்ரீ!

இப்போ ஒரு குட்டி டெஸ்ட். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்க. இடது கையால் மேல்கையின் அடிப்பக்கத்தைக் கிள்ளிப் பிடிங்க. விரலுக்குள்ள சிக்குற மெத்துனு இருக்கிற பகுதி, தோலும் அதுக்குக் கீழே இருக்கிற கொழுப்பும். இப்போ முழங்கையை விறைப்பா நீட்டுங்க. அதுக்கும் கீழே கல்லு மாதிரி ஒண்ணு இறுகுது பாருங்க, அதுதான் டிரைசெப்ஸ். மேல்கைத் தசையில் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இதுதான். ஜிம்முக்குப் போற பசங்க கண்ணாடி முன்னாடி நின்னு மடக்கி மடக்கிக் காட்டுறாங்களே, அந்த பைசெப்ஸ் இதைவிடச் சின்னது. (பாய்ஸ், கோவிச்சுக்காதீங்க. உங்க கை பெருசாகணும்னாலும் பின்பக்கத்தைத்தான் கவனிக்கணும்!)

சரி, கைக்கு மட்டும் எக்சர்சைஸ் செய்தா கையில் இருக்கிற கொழுப்பு மட்டும் கரையுமா? எல்லோரும் தடுமாறுற இடம் இதுதான். டென்னிஸ் ஆடுறவங்களை எடுத்துக்கோங்க. வருஷக்கணக்கா ஒரே கையால பந்தை விளாசுறவங்க. 1971-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு அவங்களோட ரெண்டு கைகளையும் அளந்து பார்த்தது. ஆடுற கை தடிமனா இருந்தது, தசை வளர்ந்திருந்ததால். ஆனா, தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் கனம் ரெண்டு கையிலும் ஒண்ணுதான்! உழைச்ச கையில் மட்டும் கொழுப்பு குறையவே இல்லை. காரணம் சிம்பிள். வேலை செய்ற தசை, பக்கத்தில் இருக்கிற கொழுப்பைக் கேட்டு வாங்கி எரிக்கிறதில்லை. உடம்பு முழுக்க இருக்கிற சேமிப்பிலிருந்து ரத்தம் வழியாத்தான் அதுக்கு எரிபொருள் வருது. எந்த இடத்தில் முதல்ல குறையும்கிறதைப் பரம்பரையும் ஹார்மோனும் முடிவு பண்ணும். நாம ஆர்டர் போட முடியாது. ‘தடவினா கை மெலியும்’னு விக்கிற க்ரீமுக்கும், வியர்க்க வைக்கிற பெல்ட்டுக்கும் பாக்கெட் மணியைக் கொடுக்கிறவங்க இந்தப் பாராவை இன்னொரு தடவை படிங்க.

ஆக, ரெண்டு வேலை. மொத்தக் கொழுப்பைக் குறைக்க கார்டியோ. தசையை இறுக்க வெயிட்.

கார்டியோன்னதும் ட்ரெட்மில்லைத் தேட வேணாம். வேகமா நடக்கிறது, ஸ்கிப்பிங், ஷட்டில், லிஃப்ட்டை மறந்துட்டு மாடிப்படி... எல்லாமே கணக்குதான். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் இப்படி மிதமான வேகத்தில் உடம்பு அசையணும். வாரத்தில் ரெண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கு. வாரம் அஞ்சு நாள், தினம் அரை மணி நேரம். செல்போன் பேசிக்கிட்டே கேம்பஸைச் சுத்துற நேரம்தான், கொஞ்சம் வேகமா சுத்துங்க.

அடுத்தது வெயிட். ‘‘ஐயோ, டம்பெல் தூக்கினா ஆம்பளை மாதிரி கை ஆயிடுமே!’’ன்னு அலறாதீங்க. மீராபாய் சானுவைப் பார்த்திருப்பீங்க. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 49 கிலோ பிரிவில் வெள்ளி ஜெயிச்சவர். ரெண்டு முறையிலும் சேர்த்து அவர் தூக்கினது 202 கிலோ. அதில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில், ரெண்டு கட்டமா தலைக்கு மேல போனது மட்டும் 115 கிலோ. அத்தனை வருஷம் இரும்போட போராடியும் அந்தப் போட்டியில் அவர் எடை 49-ஐத் தாண்டலை. பொதுவா பெண்களுக்கு ஆண்களைவிட டெஸ்டோஸ்டிரோன் ரொம்பவே கம்மி. அதனால நீங்க தூக்கப் போற ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் உங்களை பயில்வான் ஆக்காது, நம்புங்க.

ஹாஸ்டல் ரூமே ஜிம்தான். நம்ம தாத்தாக்கள் எடுத்த தண்டாலைவிடக் கைக்கு நல்ல பயிற்சி கிடையாது. எடுத்த எடுப்பில் தரையில் வேணாம். சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி நின்னு, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சு சுவர்கிட்ட வர்ற வரைக்கும் மடக்கி, திரும்பத் தள்ளுங்க. 12 தடவை சுலபமா வந்தா, சுவரை விட்டு ஆடாத மேஜைக்கு வாங்க. அதுவும் சுலபமாச்சுன்னா கட்டில் விளிம்பு. அதுக்கப்புறம்தான் தரை. முழங்கைகளை உடம்பை ஒட்டினாப்ல வெச்சுக்கிட்டா டிரைசெப்ஸுக்கு வேலை கூடும். இடுப்பு தொங்கக் கூடாது. அடுத்து, தண்ணி நிரப்பின பாட்டிலை ரெண்டு கையாலும் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கி, முழங்கையை மட்டும் மடக்கி, பிடரிக்குப் பின்னால இறக்கி ஏத்துங்க. 10, 12 தடவை. கடைசி ரெண்டு தடவை ‘போதும்டா சாமி’ன்னு தோணணும். தோணலைன்னா பாட்டிலை மாத்திப் பெருசா எடுங்க. எடையைக் கூட்டாம ஒரே பாட்டிலை வருஷம் முழுக்க ஆட்டுறதில் பெரிசா பிரயோஜனம் இல்லை.

அப்புறம் நம்ம ஹீரோ, பக்கெட்! ரெண்டு கையிலும் ஆளுக்கு அரை பக்கெட் தண்ணியோட, முதுகை நிமிர்த்தி, காரிடாரில் ஒரு நடை. ஈரத் தரையில் வேணாம், வார்டன் திட்டுவாங்க, வழுக்கியும் விடும்.

இந்த மூணையும் மூணு மூணு செட்டா, வாரம் மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்க. மறுநாள் தலை வாரக் கையைத் தூக்கினாலே வலிக்கும். பயப்படாதீங்க, ரெண்டு, மூணு நாளில் சரியாயிடும். மூட்டில் சுருக்குனு குத்தினா மட்டும் நிறுத்திடுங்க. இன்னொண்ணு, ஒரு கை மட்டும் திடீர்னு வீங்கியிருந்தா, அது எக்சர்சைஸ் விஷயமே இல்லை. உடனே டாக்டரைப் பாருங்க.

மெஸ்ஸில் என்ன சாப்பிடுறது? சாம்பாரில் அடியில் தங்குற பருப்பு, சுண்டல், தயிர், முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஃப்ரெண்டு ‘டயட்’னு ஒதுக்கிவெச்ச முட்டையையும் வாங்கிப் போட்டுக்கலாம், தப்பில்லை!

முதல் சில வாரம் கண்ணாடியில் எதுவும் தெரியாது. ஆனா, பக்கெட் லேசாத் தெரியும். பலம்தான் முதல்ல வரும். கை அளவில் வித்தியாசம் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வரைக்கும்கூட ஆகலாம். அதனால ஃபேர்வெல் டே பிளவுஸை இப்போதைய அளவுக்கே தைக்கச் சொல்லிடுங்க, உள்ளே ஒரு தையல் பிரிக்கிற அளவுக்குத் துணி விட்டு. இன்னிக்கு மெஸ் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி, சுவர்த் தண்டால் எத்தனை வருதுன்னு எண்ணி, நோட்டுக் கடைசிப் பக்கத்தில் தேதியோட எழுதி வெச்சுட்டு, சாப்பிடப் போங்க.