பழைய புல்லட்டுக்குப் புத்துயிர்

என் தந்தை 1972ஆம் ஆண்டு பெங்களூரில் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள், மூன்று ஆண்டுகளாக வீட்டின் முன்புறம் தார்ப்பாய்க்குள் நின்றிருந்தது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து கதவைத் தட்டுவது போன்ற ஓசை எழுந்த அன்று அதை நிறுத்தியவர், பிறகு தொடவில்லை. சென்ற ஆண்டு அவருக்கு 78 வயது நிறைந்தது. வண்டியை வெளியாரிடம் கொடுப்பதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததால், எஞ்சினை வீட்டிலேயே பிரிப்பதென்று முடிவாயிற்று. பிரிக்கப்போகிறவன் வணிகவியல் பட்டதாரி என்பது ஒன்றே குறை.

இந்த எஞ்சினுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்திய இராணுவத்தின் தேவைக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட புல்லட், 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் மூலம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. தாய்நாட்டில் அதன் உற்பத்தி நின்ற பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் அதே வடிவில் தொடர்ந்தது. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. வார்ப்பிரும்பு உருளை, தனியே பொருத்தப்பட்ட கியர் பெட்டி, வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். கைக்கருவிகளைக் கொண்டே பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம் என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்குத் துணிவு தருவது.

கழற்றுவது எளிது, திரும்பப் பூட்டும்போதுதான் நினைவு கைவிடும். ஆகவே ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுத்தேன். திருகுகளையும் வாஷர்களையும் அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாக்களில் எண்ணிட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் சமையலறை அலமாரியின் மேல்தட்டு முழுவதும் எஞ்சின் ஏறியிருந்தது. இதைப் பற்றி என் மனைவி கூறியவை இங்கே அச்சிடத் தக்கவை அல்ல.

ஓசையின் காரணம் விரைவில் தெரிந்தது. கனெக்டிங் ராடின் கீழ்முனை, கிராங்க் பின்னைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. பழைய புல்லட்டில் அந்த இடத்தில் உருளை பேரிங் கிடையாது. எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழலும் புஷ் ஒன்றே உண்டு. எண்ணெய் தவறாமல் வந்தால் பல்லாண்டு உழைக்கும். வராவிட்டால் சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும்.

எண்ணெய் ஏன் வரவில்லை? இந்த எஞ்சினில் எண்ணெய், கிராங்க்கேஸுக்குள்ளேயே உள்ள தனி அறையில் இருக்கிறது. இரண்டு சிறிய பம்புகளில் ஒன்று அதைச் செலுத்தும். மற்றொன்று பயன்பட்ட எண்ணெயைத் திரட்டித் திருப்பி அனுப்பும். செலுத்தப்படும் எண்ணெய், அசையாத மூடியிலிருந்து சுழலும் கிராங்க் தண்டின் துளைக்குள் புகுந்து புஷ்ஷை அடைய வேண்டும். அவ்விடத்தில் கசிவைத் தடுப்பது ஒரு சிறு கார்க் வளையம். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக மாற்றிவிட வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனையில் அந்த மூடியைத் திறந்திருந்தார்கள். நான் எடுத்துப் பார்த்த கார்க், நசுங்கித் தட்டையாகிக் கல்லைப் போல இறுகியிருந்தது. மிகக் குறைந்த விலையுள்ள ஒரு வளையம் எஞ்சினையே நிறுத்திவிட்டது. தணிக்கையில் இத்தகைய பிழைகளை நான் கண்டதுண்டு.

கிராங்கைப் பிரித்துச் சேர்ப்பது வீட்டில் ஆகாத வேலை. இரு சக்கரங்களையும் புதிய பின்னில் இணைத்து, கோணலின்றிச் சுழல்கிறதா என்று டயல் கேஜில் பார்க்க வேண்டும். அதை ஜே.சி. சாலை அருகே ஒரு லேத் பட்டறையில் ஒப்படைத்தேன். கீறல் விழுந்திருந்த உருளையையும் அங்கேயே 20 தௌ, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், போரிங் செய்தார்கள். கொள்ளளவு 351 சி.சி. அளவுக்கு வந்திருக்கும். இது பழுதுபார்ப்புக்கென வழங்கும் அளவுதான். அதற்குரிய பிஸ்டன் கடைகளில் கிடைக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் யோசனைகள் வந்து குவிந்தன. மிதக்கும் புஷ்ஷுக்குப் பதிலாக உருளை பேரிங் போடுங்கள் என்றார் ஒருவர். பெரிய உருளை பொருத்தி 500 சி.சி. ஆக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். பாயின்ட்டைத் தூக்கியெறிந்துவிட்டு மின்னணு இக்னிஷன் வைத்தால் தொல்லை தீரும் என்றனர் பலர். எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பானேன்?

தாளை எடுத்து இரண்டு பத்திகள் போட்டேன். பின்னால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய மாற்றங்கள் ஒரு பக்கம், திருப்ப முடியாதவை மறுபக்கம். வங்கியில் தவறான பதிவை எதிர்ப்பதிவு இட்டுச் சரிசெய்யலாம். கடைந்தெடுத்த இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது.

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைப் போடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கொள்ளளவு அவ்விவரங்களுள் ஒன்று. 2021 ஜூலையில் வந்த விதிகளோ, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, எஞ்சின், சட்டகம் ஆகியவை மாற்றப்படாமல் மூல வடிவில் உள்ள வண்டிகளை மரபு வாகனங்களாகப் பதிய வழி செய்கின்றன. அவற்றுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். காலையில் காய்கறி வாங்கப் போகும் தந்தைக்கு அது பொருந்தாது. வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டோம். எனினும் அந்த வாய்ப்பை என் கையால் அழித்துவிட மனமில்லை.

ஆகவே பெரிய உருளை நீங்கியது. உருளை பேரிங்கும் நீங்கியது. குற்றம் கார்க்குடையது, புஷ்ஷுடையது அன்று. மின்னணு இக்னிஷனைக் கழற்றிவிட முடியும் என்பதால் அது முதற்பத்தியில் நின்றது. அதை மறுத்தவர் தந்தை. “அம்மீட்டர் முள் இல்லாமல் நான் எப்படி உதைப்பேன்?” என்றார்.

அவர் சொன்னது உணர்ச்சிப் பேச்சன்று. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் திறக்கும் இடத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். பிறகு டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து, பிஸ்டனைச் சற்றே கடத்தி, விட்டு, உதைக்க வேண்டும். வலிமை தேவையில்லை, இடமறிந்தால் போதும். பாயின்ட் இல்லாவிட்டால் முள் இந்த அடையாளத்தைக் காட்டாது. 78 வயதில் அவர் வண்டியைக் கிளப்ப முடிவதே இந்த முள்ளால்தான். பாயின்ட் இடைவெளியை 0.35 மில்லிமீட்டரில் வைத்து மூடினேன்.

எஞ்சிய மாற்றங்கள் இரண்டு. கம்பளி வடிகட்டியின் இடத்தில் காகித வடிகட்டி. தேய்ந்த கார்புரேட்டருக்குப் பதில் பிற்கால புல்லட்டுகளில் வந்த மிக்கார்ப். பழையவை இரண்டும் பெயர்ச்சீட்டுடன் பிஸ்கட் டப்பாவில் உள்ளன.

பூட்டும்போது பற்சக்கரப் புள்ளிகளை மும்முறை சரிபார்த்தேன். புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது; அதுவே டேப்பெட்டின் அளவு. புதிய கார்க் வளையத்தைத் தந்தை தம் கையால் வைத்தார். வடிகட்டி அறையில் முன்கூட்டியே எண்ணெய் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பலமுறை கிக்கரைச் சுழற்றிய பிறகே சாவியைத் திருப்பினோம்.

நான் ஏழு முறை உதைத்தேன், பயனில்லை. தந்தை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முள்ளைப் பார்த்தார், நெம்புகோலைப் பிடித்தார், விட்டார். இரண்டாம் உதையில் கிளம்பியது. அடியில் தட்டும் ஓசை இல்லை. முதல் 500 கிலோமீட்டர் வரை 50ஐத் தாண்டக் கூடாது என்று நான் சொன்னதற்கு, நான் எப்போது தாண்டினேன் என்று கேட்டார்.

மறுநாள் காலை வண்டியின் கீழே தரையில் மூன்று சொட்டு எண்ணெய் கிடந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து அங்கே விரித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்.