கப்பல் திரும்பு நேரம்

கப்பல் திரும்பு நேரம் என்பது ஒரு கப்பல் துறைமுகத்தின் நங்கூரப் பகுதியை அடைந்தது முதல், பணி முடிந்து வெளியேறும் வரை ஆகும் கால அளவாகும். ஒரு துறைமுகம் எவ்வளவு சரக்கைக் கையாண்டது என்பதை டன் கணக்கு காட்டும். அதைப் பயன்படுத்தியவர் எவ்வளவு காத்திருந்தார் என்பதை அது காட்டாது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, சரக்குகள் தோணிகளில் கொண்டு செல்லப்பட்டன. 1974 சூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் (2011 முதல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம்) கப்பல்கள் நேரடியாகச் சரக்குத் தளத்தை அணைகின்றன.

காத்திருப்பு, வாடகை ஒப்பந்தத்தின் வழியே பணமாக மாறுகிறது. நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கிற்காகக் கப்பலை வாடகைக்கு எடுப்பவருக்கு ஏற்றி இறக்கக் குறிப்பிட்ட நேரம் அனுமதிக்கப்படும். அதை மீறினால் கப்பல் உரிமையாளருக்குத் தாமதக் கட்டணம் (டெமரேஜ்) செலுத்த வேண்டும். முன்னரே முடித்தால், பெரும்பாலும் அதில் பாதி வீதத்தில், ஊக்கத்தொகை பெறலாம். இக்கட்டணம் துறைமுகத்தின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. எனவே துறைமுகம் இலாபம் ஈட்டும்போதே அதன் வாடிக்கையாளர் நட்டமடையக்கூடும். அவர் வேறு துறைமுகத்தை நாடிய பின்னரே துறைமுகத்தின் வருவாயில் அது தெரியவரும்.

தளத்தை அணைந்த பின் உள்ள நேரத்தை மட்டும் எண்ணினால் நங்கூரக் காத்திருப்பு மறைந்துவிடும். சராசரியும் எல்லாவற்றையும் காட்டாது. கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாற்ற வேண்டிய பெட்டகம் சில மணி நேரம் தாமதித்தாலும், அடுத்த தாய்க்கப்பல் வரை காத்துக் கிடக்க நேரலாம். கப்பல் விரைவாகத் திரும்பியும் பெட்டகம் வளாகத்திலேயே தங்கிவிட்டால் திருப்பூர் ஏற்றுமதியாளருக்குப் பயனில்லை. பெட்டகத்தின் தங்கு நேரம் தனியே அளக்கப்படுவது இதனாலேயே.